கலுங்குக் கல்லில் நின்று எடுத்த பன்னிரண்டு படங்கள்

கண்மாயை, அதாவது தண்ணீரைத் தேக்குகிற ஊர் ஏரியை, படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கரைமேல் ஏறி நிற்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கரைமேல் நின்று எடுத்தால் கார்த்திகையில் வானமும் தண்ணீரும் கிடைக்கும். சித்திரையில் வானமும் பொட்டலும் கிடைக்கும். இரண்டு படத்திலும் கண்மாய் இருக்காது. முதல் இரண்டு வருஷம் நான் எடுத்த நானூறு சொச்சம் படங்களை ஒரு நாள் ராத்திரி ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. அழகான படங்கள்தான். ஆனால் இதைப் பார்க்கிற ஒருவருக்கு, இந்தப் பள்ளத்தில் ஏன் தண்ணீர் நிற்கிறது, எங்கிருந்து வந்தது, நிறைந்தபின் எங்கே போகும் என்று ஒன்றுமே தெரியாது.

எனக்கு மானாமதுரைப் பக்கம். அப்பா ஆரம்பித்த போட்டோ ஸ்டுடியோவை இருபத்துநான்கு வருஷமாக நான் நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் அளவு படம், இதுதான் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விடுவேன். தாத்தாவுக்கு எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நன்செய் இருந்தது. இன்றைக்கு அதில் சித்தப்பா மகன்தான் விவசாயம் பார்க்கிறான். அந்த வயல் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். இருந்தும் அந்த வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று நாற்பது வயது வரைக்கும் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளவில்லை.

சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் செயற்கைக்கோள் படத்தைப் போனில் திறந்து பார்த்தால், மீன் செதில் மாதிரி ஒன்றையொட்டி ஒன்றாக வளைவு வளைவாகத் தெரியும். ஒவ்வொரு வளைவும் ஒரு கண்மாய்க் கரை. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 39,000 என்று கணக்கு சொல்வார்கள். அதில் எங்கள் பக்கத்தில்தான் நெருக்கம் அதிகம். மேற்கே வருசநாட்டு மலையில் புறப்படுகிற வைகை, தேனி, மதுரை தாண்டி எங்கள் ஊர்ப்பக்கம் வந்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்கிற ஊர் வழியாகக் கடலுக்குப் போகும். கடலுக்குப் போகாத ஆறு என்று பழைய புலவர்களே வைகையைப் பாடியிருக்கிறார்கள். அப்படிப் பாட வைத்தது இந்தக் கண்மாய்கள்தான். வழிநெடுக ஆற்றில் இருந்து கால் பிரித்துக் கொண்டுபோய் ஒவ்வொரு ஊரும் தன் பங்கை நிறுத்திக்கொண்டது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பூமியில் மலை கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வட்டில் மாதிரி தட்டையாகக் கிடக்கிற நிலம். இதில் மேற்கே இருந்து கிழக்காக, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு இருக்கிறது. அந்தச் சரிவைக் கண்டுபிடித்து, அதற்குக் குறுக்கே பிறை மாதிரி மண்கரை போட்டு, நிறைந்த தண்ணீர் கலுங்கு என்கிற வெளியேற்றுக் கல்கட்டு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிற மாதிரி ஒரு ஊருக்கு அடுத்து ஒரு ஊராகக் கோத்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இருக்கிற மாதிரி மட்டம் பார்க்கிற கருவி இல்லாத காலத்தில். சாத்தூர்ப் பக்கம் எருக்கங்குடியில் பாறையில் வெட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலம். இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் என்பவர் ஏரிகள் வெட்டியதைச் சொல்கிறது. அந்தப் பாறைக்குப் போய் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஏரி வெட்டியதைச் சொல்லும் எழுத்து அப்படியே நிற்கிறது.

சரி, சரிவைப் படம் எடுக்க முடியுமா? காமிராவில் எல்லாம் தட்டையாகத்தான் விழும். இந்தக் கேள்வியோடுதான் எங்கள் ஊர் நீர்பாய்ச்சியிடம் போனேன். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். வயது எண்பதை நெருங்குகிறது. அவர் அப்பாவும் தாத்தாவும் நீர்பாய்ச்சிகள்தான். வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிக்குத் தண்ணீர் என்று முறை வைப்பது எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அவருக்குச் சேர வேண்டியதை முதலில் அளந்து வைப்பார்கள். அதற்குச் சுதந்திரம் என்று பெயர். இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே டவுனில் வளர்ந்த என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

அவரிடம், "பெரியப்பா, கம்மாயோட வாட்டத்தை எப்படிப் படத்துல காட்டுறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தண்ணி வர்ற அன்னிக்கு வா. அது காட்டும்" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் ஒரு விடியக்காலம் போன் வந்தது. போகும்போது வெள்ளி முளைத்திருந்தது. முந்தின இரவு மேற்கே நல்ல மழை. எங்கள் ஊரில் தூறல்தான். வரத்துக்காலின் வாயில், கண்மாய்க்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில், அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். செருப்புப் போடவில்லை. வெளிச்சம் வரட்டும் என்று நான் டிரைபாடை நிறுத்திக் காத்திருந்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. சருகு நொறுங்குகிற மாதிரி. அப்புறம் வாடை, புழுதியில் ஈரம் படுகிற வாடை. அதற்குப் பிறகுதான் தண்ணீரின் தலை தெரிந்தது. வெள்ளம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. நுரையையும் வேலம் இலையையும் ஆட்டுப்புழுக்கையையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் பாதி வேகத்தில் வருகிறது. வெடித்துக் கிடந்த கரம்பை மண்ணில் அந்தத் தலை வந்து தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. நான் தடைபட்டுவிட்டதோ என்று பார்த்தேன். "குடிக்குது" என்றார் பெரியப்பா. ஒவ்வொரு வெடிப்பும் நிறைந்தபின்தான் அடுத்த அடி நகர்ந்தது. வெடிப்புக்குள் அடைபட்டிருந்த காற்று குபுகுபு என்று குமிழ் விட்டுக்கொண்டு மேலே வந்தது. உள்ளே இருந்த நட்டுவாக்காலி, மரவட்டை, எறும்புக் கூட்டம் எல்லாம் மேட்டைத் தேடி ஓடின. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இரண்டு கொக்கு வந்து இறங்கின.

நான் மண்டிபோட்டு, காமிராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். பெரியப்பா தண்ணீருக்கு முன்னால் நடந்தார். தண்ணீர் போகப்போகும் வழியில், தண்ணீருக்குப் பத்தடி முன்னால். ஒரு இடத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கால் போன தடத்திலேயே தண்ணீர் வந்தது. எனக்கு எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிந்த அந்தப் பொட்டலில் அவர் வளைந்து வளைந்து நடக்க, தண்ணீரும் வளைந்து வளைந்து வந்தது. அன்றைக்கு எடுத்ததில் ஒரு படம் இருக்கிறது. இடது பக்கம் அவருடைய இரண்டு பாதம், காய்ந்த மண்மேல். வலது பக்கம் தண்ணீரின் நுரை விளிம்பு. நடுவில் இரண்டு அடி வெடித்த மண். என் இருபத்துநான்கு வருஷத் தொழிலில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். ஆனால் அந்தப் படத்தையும் வெறுமனே மாட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பது படத்தில் எப்படி இருக்கும்? அன்று ராத்திரிதான் முதல்முறையாக நாலு பக்கம் எழுதினேன். அதற்கு முன்னால் கடிதம் தவிர எதுவும் எழுதினது கிடையாது.

அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி, சூரியன் கிளம்பி அரைமணி நேரத்துக்குள், கலுங்கின் தெற்கு ஓரத்தில் நட்டிருக்கிற முதல் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, அதே லென்ஸில், அதே உயரத்தில் ஒரு படம். கண்மாயின் உள்வாய் முழுக்க அதில் விழும். கலுங்கில் வரிசையாக நட்ட கற்களைப் பார்த்திருப்பீர்கள். நிறைகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்குவதற்காக நட்டவை அவை. கீழூருக்கும் மேலூருக்கும் சண்டை வருவது அந்த ஒரு சாண் உயரத்துக்காகத்தான். அதே கல்லைத்தான் நான் எனக்கு அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு படத்தை வரிசையாக வைத்தால் ஒரு வருஷம் கிடைக்கும். ஆவணியில் கண்மாய் வெறும் தரை, ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் வயலில் புழுதி உழவு ஓடும். எங்கள் பக்கத்தில் நாற்று விட்டு நடுவது குறைவு. மழையை நம்பி, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். புரட்டாசி மழையில் முளைத்து, கண்மாய் பெருகினபின் தண்ணீர்ப் பயிராக மாறும். குழியடிச்சான், நொறுங்கன், சித்திரைக்கார் மாதிரி நெல்லெல்லாம் இந்தப் பழக்கத்துக்கு வந்தவை. கார்த்திகைப் படத்தில் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். மார்கழியில் மஞ்சு மூடி ஒன்றுமே தெரியாது, ஆனாலும் எடுத்தேன். தையில் தண்ணீர் ஓரம் ஒதுங்க ஆரம்பிக்கும். அறுப்பு முடிந்த வயலில் கொஞ்சம் பேர் முண்டு மிளகாய் போடுவார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகாசியில் கீதாரிகள் செம்மறி ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் கிடை போட்டிருப்பார்கள். படத்தின் மேல் ஓரத்தில், கரைக்கு அந்தப் பக்கம், புழுதி மட்டும் எழும்பித் தெரியும். ஆனியில் மானாமதுரைக் குயவர்கள் மாட்டுவண்டி ஓட்டி வந்து கண்மாய் மண் எடுத்த காலம் உண்டு என்று பெரியப்பா சொல்வார். இப்போது டிராக்டர். கச்சேரியில் வாசிக்கிற மானாமதுரைக் கடமும் இந்த மாதிரி மண்ணில் செய்ததுதான். கரையில் இருக்கிற அய்யனார் கோயிலுக்குப் புரவியெடுப்புக்கு வருகிற மண்குதிரையும் அப்படித்தான்.

பங்குனிப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வருஷம் முதல் தேதியிலேயே மீன்பிடித் திருவிழா வந்துவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர். சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, கூடை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்கிறது. ஊர்ப்பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசினார். அடுத்த நிமிஷம் நான் எடுத்த சட்டகம் முழுக்க மனுஷ முதுகு. விரால், கெளுத்தி, கெண்டை, குறவை. எனக்கு முன்னால் ஒரு பாட்டி சேற்றுக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே ஒரு விராலைப் பிடித்து முந்தானையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஊரில் எந்த வீட்டிலும் மீனை விற்கவில்லை, அது வழக்கம். நான் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "வெறுங்கையோடயா போவ, ராசா" என்று இரண்டு குறவையைப் பையில் போட்டார்.

இப்போது குமிழியைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

கண்மாய்க்கு உள்ளே, கரையில் இருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கல்தூண் தனியாக நிற்பதைப் பார்த்திருக்கலாம். மேலே இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குக்கல். சின்ன வயதில் நாங்கள் அதில் ஏறித் தண்ணீரில் குதிப்போம். ஊஞ்சல் கட்டுவதற்காக வைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். வைகாசியில் தண்ணீர் முழுக்க வற்றினபின் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். அந்தத் தூண்களுக்கு அடியில் சேற்றை வழித்துக் காட்டினார். கல் பலகைகளை இழைத்துச் செய்த ஒரு தொட்டி. அதன் மேல்மூடியில் வட்டமாக ஒரு துளை. பக்கவாட்டில், தரையை ஒட்டி, சின்னச் சின்னதாக வேறு துளைகள். மேலே இருப்பது நீரோடித் துளை. கீழே இருப்பது சேறோடித் துளை. மேல் துளையை ஒரு கூம்புக் கல்லால் அடைத்து வைத்திருப்பார்கள். குறுக்குக்கல்லின் ஓட்டை வழியாக இறங்குகிற கழியை அதோடு பிணைத்து, தூக்கினால் திறக்கும், இறக்கினால் மூடும். திறந்ததும் மேல் துளையில் தெளிந்த தண்ணீர் இறங்கும். அது இறங்குகிற வேகத்தில் கீழ்த் துளைகள் சுற்றியுள்ள சேற்றையும் இழுத்துக்கொள்ளும். இரண்டும் கலந்து கரைக்கு அடியில் ஓடுகிற கல்வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும். வயலுக்கு வண்டல் கிடைக்கும், கண்மாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது மேலே குமிழ் குமிழாக வரும். அதனால்தான் அந்தப் பெயர்.

கழி முறிந்து போனால், அல்லது கல் சிக்கிக்கொண்டால், ஆள் முங்கித்தான் திறக்க வேண்டும். மழைக்காலத்தில், ராத்திரியில், கரை உடையப் போகிறது என்கிற நேரத்தில், ஒருவர் அந்தத் துளைவரைக்கும் மூச்சடக்கி இறங்குவார். திறந்ததும் இழுக்கிற தண்ணீரில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது. பெரியப்பாவின் சின்னத் தாத்தா ஒருவர் அப்படிப் போயிருக்கிறார். மடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லை நட்டு, வருஷத்துக்கு ஒருமுறை மாலை போட்டு, பொங்கல் வைக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் குமிழித் தூண்களில் வட்டெழுத்தில் அதைச் செய்வித்தவர் பெயர் இருக்கும்; ஒன்றிரண்டு நானே போய்ப் பார்த்தேன். முங்கித் திறந்தவர்களின் பெயரை அங்கே நான் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது மடையர் என்கிற பெயர். அதே ஒலியில்தான் ஒரு வசவுச் சொல்லும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் தினமும் நாலு பேரை அப்படித் திட்டுவார். இனி என் வாயில் அந்தச் சொல் வசவாக வராது.

தூணை எடுக்கச் சாயங்கால வெயில்தான் சரி. உச்சிவெயிலில் கல் வெறும் கல்லாக இருக்கும். அஞ்சரை மணிக்குப் பக்கவாட்டில் வெயில் சாய்ந்தபோது உளி பட்ட இடம் ஒவ்வொன்றும் நிழலோடு எழும்பி வந்தது. குறுக்குக்கல்லின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒரு பக்கம் மட்டும், கரைக்கு எதிர்ப்பக்கம், அதிகமாகத் தேய்ந்திருந்தது. "இங்கிட்டு நின்னுதானே தூக்கணும், அதான்" என்றார் பெரியப்பா. எத்தனை தலைமுறைக் கை என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தேய்மானத்தை மேக்ரோ லென்ஸில் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் நிலாவின் தரை மாதிரி இருக்கிறது. அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று தெரியாமல், "தூக்குகிற பக்கம்" என்று மட்டும் எழுதி வைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் அப்பாவின் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தபோது ஒன்று கிடைத்தது. 1978, அவருடைய யாஷிகாவில் எடுத்த கறுப்பு வெள்ளை. கரைமேல் ஒரு புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை கையில் குடை. பின்னால் தண்ணீர். தண்ணீரில் குமிழி, ஒன்றல்ல, இரண்டு. இன்றைக்கு எங்கள் கண்மாயில் ஒரு ஜோடித் தூண்தான் நிற்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வடக்கு மடை... அது மூடி எத்தனையோ வருசமாச்சே" என்றார். பிறகு நானும் சித்தப்பா மகனும் அரிவாளோடு சீமைக்கருவேல் புதருக்குள் நுழைந்தோம். கண்மாய்க்குள்ளே அந்த முள் எவ்வளவு அடர்த்தி என்பது உள்ளே போனவர்களுக்குத்தான் தெரியும். என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வெட்டினபின் ஒரு தூண் கிடைத்தது, குப்புறப் படுத்த மாதிரி. இன்னொன்று பாதி மண்ணுக்குள். யார் சாய்த்தார்கள், தானாக விழுந்ததா, தெரியவில்லை. அந்த மடையில் பாய்ந்த வயல்களில் பாதி இப்போது தரிசு. பாதிக்குப் போர்த் தண்ணீர். அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தாரே ஒழிய மடைக்கு எடுக்கவில்லை. ஆனாலும் அவர் படம் இல்லாவிட்டால் அந்தத் தூண் அங்கே இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து கல்யாணத்துக்குப் போனாலும், பொண்ணு மாப்பிள்ளையை ஊர்க் கரையில் நிறுத்தினால், பின்னால் என்ன விழுகிறது என்பதையும் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

மற்ற ஊர்களுக்கும் போனேன். ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்வார்களே, அதற்கு இரண்டு முறை போனேன். அதன் கரையில் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தேன், முடியவே இல்லை. ஒரு சட்டகத்துக்குள் அடங்காது. அதற்குச் சொலவடைதான் சரியான படம். நாரைகூட ஒரு மூச்சில் தாண்ட முடியாது என்று சொன்னவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க்குத் தீபாவளி அன்று போனேன். பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. தீபாவளி விடியலில் ஒரு ஊர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நத்தைகுத்தி நாரையின் அலகுச் சத்தம் மட்டும் டக் டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. என் பையனை அடுத்த வருஷம் கூட்டிப்போக வேண்டும்.

மனசுக்குக் கஷ்டமானதும் உண்டு. எங்கள் கண்மாய்க்கு வரும் வரத்துக்காலை நடந்தே பார்க்கலாம் என்று மேலே ஏறிப் போனேன். நாலு கிலோமீட்டரில் இரண்டு இடத்தில் கால் என்பதே இல்லை. ஒரு இடத்தில் மனைக்கட்டுக்குக் கல் நட்டிருக்கிறது. இன்னொரு இடத்தில் புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில், முழுக் காலுக்கும் பதிலாக ஒரே ஒரு குழாய். அதிலும் பாதி மண். தண்ணீர் வந்த அன்றைக்கு ஏன் ஒரு சாண்கூட இல்லாமல் வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. மேலே நல்ல மழைதானே பெய்தது. ஒவ்வொரு அடைப்பையும் படம் எடுத்து, பக்கத்தில் நடைக்கணக்கும் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வைத்தேன். வாசித்துக் காட்டினதைவிடப் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் பேசினார்கள். குழாயைச் சுத்தம் செய்ய ஊரே இறங்கியது. மனைக்கட்டு விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

முதல் வருஷத்துப் பன்னிரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் பரப்பினேன். ஆடிப் படத்தை, அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடக்கிற படத்தை, அவர் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். "இதுல தண்ணி எங்கே நிக்கும்னு தெரியுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சுட்டுவிரலை வைத்து, படத்தின் இடது ஓரத்தில் ஆரம்பித்து, அந்த மரத்துக்கு இந்தப் பக்கம், இந்த மேட்டைச் சுற்றி, கோயில் பின்னால் போய், கலுங்குக் கல் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார். "நிறைஞ்சு மறுகால் போறப்ப இதுதான் ஓரம்" என்றார். சட்டைப்பையில் இருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். "நீங்களே போடுங்க பெரியப்பா." விரல் நடுங்கியது, ஆனாலும் போட்டார்.

அந்தப் படம் ஸ்டுடியோவில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. போன கார்த்திகையில், ஆறு வருஷத்துக்கு அப்புறம், எங்கள் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. அதே கல், அதே லென்ஸ், அதே உயரம். கம்ப்யூட்டரில் ஆடிப் படத்தின்மேல் இந்தப் படத்தை ஒளி ஊடுருவும்படி வைத்துப் பார்த்தேன். தண்ணீரின் ஓரம் பென்சில் கோட்டின்மேலேயே போகிறது. மரத்துக்கு இந்தப் பக்கம். மேட்டைச் சுற்றி. கோயில் பின்னால். வடகிழக்கு மூலையில் மட்டும் கோட்டைத் தாண்டி, ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பெரியப்பாவிடம் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அங்கதான் ரோட்டுக்கு மண்ணு அள்ளுனாங்க" என்றார்.